நான்கு தொட்டி, ஒரே தண்ணீர்

ஜூன் 2
கடல்மீன் வளர்க்கும் தொட்டிகளை ஸ்டாண்டில் ஏற்றியாயிற்று. பெரியது நடுவில், பவளத்துக்கானது பக்கத்தில், பாசித் தொட்டி ஓரத்தில், கீழே சம்ப், மேலிருந்து வழியும் தண்ணீர் சேர்ந்து பம்ப் வழியாகத் திரும்ப ஏறும் தொட்டி. நான்கிலும் ஒரே தண்ணீர் ஓடப்போகிறது. ரசமட்டத்தை எங்கே வைத்தாலும் குமிழி நடுவில்தான் நிற்கிறது.

ஜூன் 5
குழாய் வேலை. பசை வாடை இன்னும் விரலில் இருக்கிறது. மேலே உள்ள மூன்றிலிருந்தும் ஓவர்ஃப்ளோ குழாய்கள் தனித்தனியாகச் சம்புக்கு இறங்குகின்றன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் குழாய் விட்டால் வேலை குறைவுதான். ஆனால் நடுவில் ஒரு நத்தை போய் அடைத்துக்கொண்டால் முன்னால் இருக்கும் தொட்டி நிரம்பி வழியும்.

ஜூன் 6
கரண்ட் போனால்?

ஜூன் 7
நேற்று முழுக்க அதே கேள்விதான். பம்ப் நின்றதும், தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் குழாய் சைஃபனாக மாறி மேலிருக்கும் தண்ணீரைத் திரும்ப இழுக்கும். குழாயின் வாய் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ, அவ்வளவும் கீழே வரும். பெரிய தொட்டி 120க்கு 50 செ.மீ. வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் அதிலிருந்து மட்டுமே 60 லிட்டர். சம்பில் காலியாக இருப்பது 54 லிட்டருக்கான இடம்தான்.

வாயை 2.5 செ.மீ.க்கு உயர்த்தினால் 15 லிட்டர். மற்ற இரண்டும் சேர்ந்து 13, குழாய்களில் நிற்பது மூன்று நான்கு. 32க்குள் அடங்கிவிடும்.

தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வ் போடலாம்தான். ஆனால் உப்பு படிந்தோ குட்டி நத்தை மாட்டியோ பாதி திறந்தபடி நின்றுவிடும். அதை நம்பித் தூங்க முடியாது. காற்று புகுந்து சைஃபன் அறுபட, குழாயில் சின்ன ஓட்டை போடுவார்கள். அதையும் பாசி அடைக்கும். ஓட்டை போடுகிறேன். கணக்கை மட்டும் அது அடைத்துக்கொண்டதாகவே வைத்துப் போடுகிறேன்.

ஜூன் 9
குழாய்த் தண்ணீர் ஊற்றிச் சோதனை. குழாய் தொட்டிக்குள் நுழையும் இணைப்பான பல்க்ஹெட் ஒன்றின் அடியில் ஈரம், காகிதத்தை ஒற்றினால்தான் தெரிகிறது. கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று. நின்றது.

பிறகு பம்பை நிறுத்தினேன். சம்பில் மட்டம் ஏறிக்கொண்டே வந்து, 9 செ.மீ.யில் நின்றது. நின்றேவிட்டது!

ஜூன் 10
அப்பா போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தண்ணி நிக்குதா?" நிக்குதுப்பா.

ஜூன் 12
ஆர்ஓ தண்ணீர், டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) 0. உப்பு ஏறத்தாழ 20 கிலோ கரைந்தது. உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) கரைசலை வைத்தே சரிபார்த்தேன். நமக்கு வேண்டிய அளவில் சரியாகக் காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். 35. வெப்பம் 25 டிகிரி.

ஜூன் 15
பாறை அடுக்கியாயிற்று. அம்மோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) வரும்வரை சொட்டு விட்டேன். மீன் விடுமுன் அதைத் தின்னும் பாக்டீரியா பெருக வேண்டும். இனி அவற்றின் பாடு.

ஜூன் 19
2.

ஜூன் 23
2. எல்லாத் தொட்டியிலும் 2. ஒரே தண்ணீர் ஆயிற்றே, வேறென்ன காட்டும்!

ஜூன் 29
இறங்குகிறது! 1க்கும் கீழே. நைட்ரைட் சோதனையில் நிறம் கரும் ஊதா. பாக்டீரியாவில் முதல் கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட்டாக்குகிறது. அதை நைட்ரேட்டாக்கும் இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். பாறையில் பழுப்புப் பூச்சு படிய ஆரம்பித்துவிட்டது, டயாட்டம் என்னும் நுண்பாசி. எனக்கு அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 4
ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் நிரப்புவதும் உப்பில்லாத தண்ணீரால்தான். மேலே மட்டம் அசைவதில்லை. குறைவதெல்லாம் சம்பின் பம்ப் அறையில். மிதவை சுவிட்ச் வைத்தேன். மிதவை சிக்கி, தண்ணீர் கூடுதலாக ஏறி, அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனால்? சம்ப் கண்ணாடியில் சிவப்புக் கோடு போட்டேன். தானாக நிரப்பும் வாளியையும் சின்னதாக மாற்றினேன். முழுவதும் கொட்டினாலும் 10 லிட்டர்.

ஜூலை 8
தம்பி ஒரு ஜோடி கோமாளி மீன் தருகிறேன் என்கிறான். நேராக இதில் விடமாட்டேன். ஒரு மீனில் வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி வந்தாலும் எல்லாத் தொட்டிக்கும் வந்துவிடும். அதற்கான செம்பு மருந்தை இங்கே ஊற்றவே முடியாது, பவளமும் இறாலும் நத்தையும் செத்துப்போகும். குழாயே இல்லாத தனித் தொட்டி ஒன்று வேண்டும். வாளி, வலை எல்லாம் அதற்குத் தனி.

ஜூலை 11
அப்பாவுக்கு இன்று முடியவில்லை. தொட்டியைப் பார்க்கவில்லை.

ஜூலை 13
ராத்திரி கரண்ட் போனது. டார்ச்சோடு ஓடினேன். சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே மட்டம் நின்றிருந்தது. தரை காய்ந்து கிடந்தது. தரையிலேயே உட்கார்ந்து கரண்ட் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பம்ப் ஓட ஆரம்பித்ததும் மூன்று தொட்டிக்கும் தண்ணீர் ஏறியது. இவ்வளவு சந்தோஷம் வரும் என்று நினைக்கவில்லை.

ஜூலை 16
அம்மோனியா 0. நைட்ரைட் வெளிறிவிட்டது. ஆனால் அது 0வா 0.25ஆ? விளக்கடியில் ஒரு நிறம், ஜன்னலோரம் இன்னொரு நிறம். நாளைக் காலை மறுபடி பார்க்க வேண்டும்.