கூரைக்கு எத்தனை வயது?

“இந்தக் கூரைக்கு எத்தனை வயசு, மிஸ்?”

காப்புறுதி நிறுவனம் அனுப்பியிருந்த இழப்பு மதிப்பீட்டாளர், ஏணியிலிருந்து இறங்கிக் கைகளைத் துடைத்துக்கொண்டே இப்படிக் கேட்டார். அவர் மரியாதையான மனிதர். வெயிலில் ஒரு மணி நேரம் கூரைமேல் நின்று அளந்துவிட்டு வந்தவர். படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்புவதற்காகவே கேட்டார். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்குள் எங்கோ தைத்தது. வேதாரண்யத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டின் கூரைக்கு வயது என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், “பெரிய அத்தை வயசுக்கு வந்த வருஷம் ஓடு மாத்தினது” என்று அம்மா சொல்லியிருப்பார். கூரையின் ஆண்டுக் கணக்கு எங்கள் வீட்டில் பிறப்பிலும் திருமணத்திலும் இருந்தது. எந்தப் பத்திரத்திலும் இல்லை.

திருமணமாகி 2011இல் கொழும்புக்கு வந்தேன். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் இடிபடாமல் நிற்கும் பழைய வீடு எங்களுடையது. 2013இல் வங்கிக் கடனில் வாங்கினோம். முன்பக்கம் ஓட்டுக் கூரை. பின்பக்கத்தில் சமையலறையும் குளியலறையும் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை. அவற்றுக்கு அஸ்பெஸ்டஸ் சீற். இந்த ஊரில் பாதி வீடுகளை இப்படித்தான், முன்னால் ஒரு காலமும் பின்னால் ஒரு காலமுமாகப் பார்க்கலாம்.

இங்கு வந்த புதிதில் என்னை அதிகம் குழப்பியது திசைதான். எங்கள் ஊரில் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலிலிருந்து எழும். புயல் ஐப்பசி, கார்த்திகையில் கடலிலிருந்து வரும். வெள்ளவத்தையில் சூரியன் கடலுக்குள் இறங்குகிறது. காற்று வைகாசியிலேயே மேற்கிலிருந்து கிளம்பிவிடுகிறது. கச்சான் என்றால் மேல்காற்று என்று மீனவர் பிள்ளைகளோடு படித்த எனக்குத் தெரியும். காலிமுகத் திடலில் ஒரு சிறுவன் “கச்சான், கச்சான்” என்று கூவிக்கொண்டு வந்தபோது, காற்றையா விற்கிறான் என்று திகைத்து நின்றேன். அவன் நீட்டிய பொட்டலத்தில் வறுத்த வேர்க்கடலை இருந்தது. அன்று சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது. பதின்மூன்று ஆண்டுகளில் தார்ப்பாய் தறப்பாளாயிற்று, மழைநீர்க் குழாய் பீலியாயிற்று, காப்பீடு காப்புறுதியாயிற்று. இந்த ஊர்க்காரியாகவே ஆகிவிட்டேன் என்றுதான் நம்பியிருந்தேன்.

2024 மே மாதத்தின் கடைசி வாரத்தில் ஓர் இரவு, அந்த மேல்காற்று எங்கள் வீட்டைப் பிடித்தது. முதலில் பின்பக்கத்துச் சீற் ஒன்று தட்டுவது போல ஒலித்தது. பிறகு பக்கத்து வளவில் நின்ற ஈரப்பலா மரத்தின் பெருங்கிளை முறிந்து, முன் கூரையின் முகட்டின்மேல் குறுக்கே விழுந்தது. ஓடுகள் நொறுங்கும் ஓசையை எந்த ஊரில் கேட்டாலும் ஒன்றுதான். அந்த இருட்டில், கையில் ஒளிவிளக்கோடு நின்றபோது, நான் கொழும்பில் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில், கஜா புயல் வேதாரண்யத்தைக் கடந்த அந்த நேரத்தில், அம்மா கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த கூடத்தில் நின்றேன். அன்று நான் இங்கேயிருந்து கைப்பேசியை அழுத்தி அழுத்தி ஓய்ந்து போனவள். மூன்றாம் நாள்தான் அம்மாவின் குரல் கேட்டது. “ஓடெல்லாம் போச்சுடி, சுவரு நிக்குது” என்றார். நின்றது சுவர் மட்டுமல்ல என்பது பின்னர் போனபோது தெரிந்தது. தெருவே கூடி, உடையாத ஓடுகளைப் பொறுக்கி, யார் வீட்டு ஓடு என்று பாராமல், முதியவர்கள் இருந்த வீடுகளுக்கு முதலில் வேய்ந்திருந்தார்கள். அந்தக் கூரைகளில் எங்கள் ஓடும் இருந்தது. ஆசிரியர் வீட்டு ஓடும் இருந்தது.

இங்கே விடிந்ததும் முதலில் வந்தவர் எதிர்வீட்டு அன்ரி. சாவகச்சேரியிலிருந்து இடம்பெயர்ந்து, மூன்று வீடுகளின் கூரைகளை இழந்தவர். “பிள்ளை, ஒண்டையும் தொடாதேங்கோ. முதல்ல படம் எடுங்கோ. பிறகு தறப்பாள் கட்டுவம்” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது. கிளை கூரைமேல் கிடந்தபடி, முறிந்த கைமரமும் சலாகைகளும் தெரியும்படி, உள்ளே நனைந்த சீலிங்கும் தரையும் தெரியும்படி படங்கள் எடுத்தோம். அதன் பிறகே கிளையை வெட்டினோம். தறப்பாளும் கயிறும் வாங்கிய பற்றுச்சீட்டுகளைக்கூட எடுத்து வைத்தோம். மேலும் சேதமாகாமல் தடுக்கச் செய்த செலவையும் கோரிக்கையில் சேர்க்கலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எங்களிடம் இருந்தது தீக் காப்புறுதிப் பத்திரம். புயல், சூறாவளி, வெள்ளம் ஆகியவை கூடுதல் கட்டணத்துக்குச் சேர்க்கப்பட்டிருந்தன. அந்த ஒரு வரியைச் சேர்க்காதவர்களும் எங்கள் ஒழுங்கையில் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. கிராம சேவகரின் உறுதிக் கடிதம், வளிமண்டலவியல் திணைக்களத்திடமிருந்து அன்றைய காற்றின் விவரம், இரண்டு விலைமனுக்கள், வீட்டின்மேல் கடன் இருப்பதால் வங்கியின் சம்மதக் கடிதம் என்று காகிதங்களுக்காக நான் நடந்த நடையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. அலுவலகங்களில் யாரும் கடுமையாகப் பேசவில்லை. என் பேச்சைக் கேட்டு, “இந்தியாவா?” என்று எல்லோரும் ஒரு தரம் கேட்டார்கள், அவ்வளவுதான்.

என்னை வருத்தியது ஏழு வாரங்கள் கழித்து வந்த கடிதம். பழுதுபார்க்க ஆகும் செலவு 7 இலட்சத்து 90 ஆயிரம் என்று எங்கள் விலைமனு சொன்னது. கூரை பழையது என்பதால் தேய்மானம் கழித்து, இழப்பை 6 இலட்சத்து 40 ஆயிரமாக மதிப்பிட்டிருந்தார்கள். அது போகட்டும் என்று பார்த்தால், அதிலும் பாதியைத்தான் தருவார்களாம். ஏனென்றால் எங்கள் வீட்டின் காப்புறுதித் தொகை 75 இலட்சம். அதே வீட்டை இன்று புதிதாகக் கட்ட 1 கோடியே 50 இலட்சம் ஆகும். வீட்டின் பாதி மதிப்புக்கே காப்புறுதி செய்தவர் மீதிப் பாதியின் பொறுப்பைத் தாமே ஏற்றவராகக் கருதப்படுவார்; ஆகவே எவ்வளவு சிறிய இழப்பானாலும் பாதிதான் கிடைக்கும். சராசரி விதி என்று அதற்குப் பெயர். மீதியான 3 இலட்சத்து 20 ஆயிரத்திலும் பத்து வீதம் நாங்கள் ஏற்க வேண்டிய பங்கு. அது போக 2 இலட்சத்து 88 ஆயிரம்.

75 இலட்சம் என்பது 2013இல் நியாயமான தொகை. அதன் பின் ஆண்டுதோறும் கட்டணம் கட்டினோம், தொகையை மாற்றவில்லை. 2022ஆம் ஆண்டை இந்த நாட்டில் வாழ்ந்த எவரும் மறக்க மாட்டார்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போய்விட்டது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், சீமெந்தும் இரும்பும் மரமும் ஏறிய ஏற்றத்தில் எங்கள் காப்புறுதித் தொகை சத்தமில்லாமல் பாதியாகிவிட்டதை நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை. புதுப்பித்தல் கடிதம் அனுப்பிய எவரும் அதைச் சொல்லவுமில்லை. என் குறை அதுதான். விதி நியாயமானதாகவே இருக்கட்டும். ஆண்டுதோறும் பணம் பெறுகிறவர், “அம்மா, இந்தத் தொகை இப்போது போதாது” என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டாமா? காப்பீட்டில் ஈடு இருக்கிறது. இவர்கள் சொல்லும் காப்புறுதியில் உறுதி இருக்கிறது. இந்த ஊருக்கு வந்ததிலிருந்து நான் விரும்பிச் சொல்லிவந்த சொல் அது. அதனால்தான் வலித்தது.

அந்தக் கடிதத்தை நான்கு நாட்கள் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. இழப்பைக் கணக்கிடும்போது கூரை பழையது என்று தேய்மானம் கழித்தவர்கள், வீட்டின் மதிப்பைக் கணக்கிடும்போது மட்டும் புது வீட்டின் விலையை எடுத்திருந்தார்கள். கூரை பழையதென்றால் வீடும் பழையதுதானே? ஒரே வீட்டை ஒரு வரியில் கிழடாகவும் மறு வரியில் குமரியாகவும் எழுத முடியாது. இதையே மரியாதையாக ஒரு கடிதமாக எழுதினோம். ஒத்துவராவிட்டால் காப்புறுதித் துறைக்கான குறைகேள் அதிகாரியிடம் போகலாம் என்று அன்ரியின் மகன் சொல்லியிருந்தார். அதற்குத் தேவை ஏற்படவில்லை. தேய்மானம் கழித்து வீட்டின் மதிப்பை 1 கோடியே 20 இலட்சமாகத் திருத்தினார்கள். பாதி என்பது எட்டில் ஐந்து பங்காயிற்று. 4 இலட்சம், எங்கள் பங்கு போக 3 இலட்சத்து 60 ஆயிரம் கைக்கு வந்தது. அந்த 72 ஆயிரம் ரூபாய் வித்தியாசத்தை நான் என் வாழ்நாளில் பெருமையாகச் சொல்வேன்.

வேலைக்கு வந்த பாஸ் (மேஸ்திரியை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) மலையகத்து ஹட்டனைச் சேர்ந்தவர். மரவேலையும் ஓட்டு வேலையும் தெரிந்தவர். “அம்மா, தண்ணி கொஞ்சம் குடுங்க” என்று முதல் நாள் அவர் கேட்டபோது, நான் சொம்போடு ஒரு கணம் நின்றுவிட்டேன். என் ஊர்த் தமிழ்! இருநூறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்துக் கரைகளிலிருந்து தோட்டங்களுக்கு ஏறிப்போனவர்களின் பேச்சு, எங்கள் அடுக்களையிலிருந்து வருவது போல அப்படியே இருந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளின் தகரம் காற்றில் பறக்காமல் இருக்கக் கல்லும் பழைய டயரும் ஏற்றிவைப்பதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே வேலை செய்தார். “எங்க கூரைக்கெல்லாம் யாரும்மா காசு குடுக்கப் போறா” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

உடைந்த அஸ்பெஸ்டஸைப் பெருக்கித் தள்ளப் போன என்னைத் தடுத்தவரும் அவர்தான். தண்ணீர் தெளித்து நனைத்து, துண்டுகளை மேலும் உடைக்காமல் எடுத்துப் பொதிந்தார். அந்தக் கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கினால் பல ஆண்டுகள் கழித்தும் புற்றுநோயாக வெளிப்படலாம். இதன் இறக்குமதியை 2018 முதல் தடுக்க அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் ஒரு வண்டைக் கண்டதாகக் கூறி ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியது. நமக்கு அஸ்பெஸ்டஸ் விற்கும் நாடும் அதுவே. தடை தள்ளிப்போயிற்று. தேயிலை பறிக்கும் குடும்பத்திலிருந்து வந்த மனிதர், தேயிலையைக் காப்பாற்றுவதற்காக நாடு வைத்துக்கொண்ட சீற்றை என் வீட்டிலிருந்து நனைத்து இறக்குவதைப் பார்த்தபடி நின்றேன். காப்புறுதி, இருந்ததைப் போன்றதற்கே பணம் தரும். நாங்கள் பின்பக்கத்துக்கு உலோகத் தகடு போட்டு, விலை வித்தியாசத்தைக் கையிலிருந்து கொடுத்தோம்.

முன்பக்கத்து ஓடுகளை இறக்கியபோது, பாஸ் ஒன்றைத் தண்ணீரில் கழுவி என்னிடம் நீட்டினார். “கலிகட் ஓடும்மா. இப்ப இந்த மண்ணு வராது” என்றார். செம்மண் நிறம், அடியில் இரண்டு காதுகள், ஓரத்தில் நீர் வழியும் இரட்டை வரப்பு. இதே ஓட்டை எங்கள் ஊரில் மங்களூர் ஓடு என்போம், சீமை ஓடு என்றும் சொல்வோம். 1865இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையின் வழிவந்த அச்சு இது. எங்கள் பெரிய அத்தையின் ஓடும் இதே அச்சுத்தான். சிறுவயதில் கூடத்தில் படுத்து, கண்ணாடி ஓட்டின் வழியாக விழும் வெயில் சதுரம் சுவரில் ஏறுவதைப் பார்த்து மணி சொன்ன பிற்பகல்கள் கையில் வந்து உட்கார்ந்தன. ஓட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

புது ஓடே போட்டுவிடலாம் என்று கணவர் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. உடையாதவற்றை எல்லாம் திரும்ப ஏற்றி, குறைந்த இடத்துக்குத் தங்கொட்டுவப் பக்கம் இடித்த வீடொன்றின் பழைய ஓடுகளை பாஸ் தேடிக் கொண்டுவந்தார். எந்த வீட்டு ஓடு என்று தெரியாது. வெயிலில் பார்த்தால் நிறம் சற்றே மாறித் தெரியும்.

முதல் மழைக்கு அம்மா பேசினார். “ஒழுகுதா?” என்றுதான் கேட்டார். முன்பக்கம் ஓசையில்லாமல் நனைந்துகொண்டிருந்தது. பின்பக்கத் தகட்டில் மழை கொட்டிய கொட்டில் அம்மாவின் குரல் பாதி கேட்கவில்லை.

இந்த ஆண்டு புதுப்பித்தல் படிவத்தில் தொகையை 1 கோடியே 50 இலட்சமாக உயர்த்தினோம். கட்டணம் இரட்டிப்பானது, பொருட்படுத்தவில்லை. இரண்டாம் பக்கத்தில் கூரையின் வயது என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தச் சிறிய கட்டத்துக்குள், எழுத்துகளை நெருக்கி, ‘முன்பக்கம் 60க்கு மேல், சில ஓடுகள் அதற்கும் மேல், பின்பக்கம் 1’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.