கிளிநொச்சி ரோட்டுக்கு எந்த ஸ்விப்ட் ஸ்போர்ட்?

சுசுக்கி ஸ்விப்ட் ஸ்போர்ட் வாங்குவதென்று முடிவெடுக்க அதிக நேரம் எடுக்கவில்லை. எந்தத் தலைமுறை என்பதில்தான் மண்டையைப் போட்டு உடைத்தேன். இணையத்தில் கிடக்கிற ஒப்பீடுகளில் பாதி ஜப்பான் மலைப்பாதையை வைத்து எழுதியவை, மிச்சம் இங்கிலாந்து ரோட்டை வைத்து எழுதியவை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற ஏ35 ரோட்டை வைத்து எழுதியது என் கண்ணில் படவில்லை. எங்கள் பக்கத்தில் இந்தக் காரைத் தேடுகிற ஒருவருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நான் கணிதம் படிப்பிக்கிறேன். வீடு பரந்தன் பக்கம், பாடசாலை விசுவமடுவுக்கு உள்ளே. தார் ரோட்டில் போய்க் கடைசியில் கிறவல் ரோட்டில் இறங்கவேண்டும். கார் தினமும் ஓடவேண்டிய கார். சனி ஞாயிறில் மட்டும் போர்வையைக் கழற்றித் துடைத்துப் பார்க்க என்னிடம் வசதியும் இல்லை, அதில் எனக்கு விருப்பமும் இல்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் யோசித்தவை மூன்று. 2005இல் வந்த இசட்சி31எஸ்: 1.6 லீற்றர் எம்16ஏ எஞ்சின், 125 குதிரைவலு, ஐந்து கியர் மனுவல், எடை 1060 கிலோ. நம் ஊர் விளம்பரங்களில் பீட்டில் என்று போடுவார்களே, அதே உடம்பு. அடுத்தது 2011 கடைசியில் வந்த 32எஸ்: அதே எஞ்சினைத் திருத்தி 136 குதிரைவலு ஆக்கி, ஆறு கியர் கொடுத்தார்கள். பிறகு 2017இல் 33எஸ்: 1.4 லீற்றர் ரேர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிற சுழலி), 140 குதிரைவலு, எடை வெறும் 970 கிலோ. புதிய கார் பழையதைவிட எடை குறைவாக வருவது இந்தக் காலத்தில் அபூர்வம். அதற்காகவே சுசுக்கிக்காரரைக் கும்பிடலாம்.

32எஸ் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நல்ல கார்தான். ஆனால் தேடிப் பார்த்தபோது எனக்குக் கிடைத்தவையெல்லாம் சிவிரி ஓட்டோ கியர். கியர் மாற்றுவதற்காகவே இந்தக் காரைத் தேடுகிற ஆளுக்கு அது சரிவராது. ஆகவே போட்டி 31க்கும் 33க்கும் இடையில்தான்.

33எஸ்ஸை வவுனியாவில் ஓடிப் பார்த்தேன். வெள்ளை நிறம், ஒரே உரிமையாளர், உள்ளே புதுக்கார் வாசம் இன்னும் போகவில்லை. மன்னார் வீதியில் கொஞ்சத் தூரம் போனோம். நெல் அறுவடைக் காலம், ரோட்டின் ஒரு பக்கம் முழுக்க நெல்லைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நெல்லுக்கும் எதிரே வரும் உழவு மெசினுக்கும் இடையில் ஒதுங்கி, 30க்கு இறங்கி, வழி கிடைத்ததும் மறுபடி எடுக்கவேண்டும். அங்கேதான் அந்த ரேர்போ தன் குணத்தைக் காட்டியது. மூன்றாம் கியரிலேயே கிடந்து, ஒன்றும் மாற்றாமல் மிதித்தால் போதும், பின்னாலிருந்து யாரோ தள்ளுகிற மாதிரிப் போகும். 230 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை 2500 சுற்றிலேயே முழுதாகக் கிடைக்கிறது. 31எஸ்ஸில் அது 148தான், அதற்கும் 4800 சுற்று வரை ஏறவேண்டும். காகிதத்தில் பார்த்தால் ஒப்பிடவே தேவையில்லை. உண்மையைச் சொன்னால், அன்று இரவு முழுக்க 33எஸ்தான் மனதில் ஓடியது.

பிறகு பெற்றோல் கணக்குக்கு வந்தேன்.

இந்த மூன்று காருக்கும் ஜப்பானில் உயர் ஒக்ரேன் பெற்றோல்தான் சொல்லியிருக்கிறார்கள், அதாவது அழுத்தினாலும் லேசில் தானாக வெடிக்காத பெற்றோல். நமக்குக் கிடைப்பது 92 ஒக்ரேன், இல்லாவிட்டால் 95. கிளிநொச்சி டவுனில் 95 அடிக்கலாம், சரி. ஆனால் உள்ளே போகப்போக எந்தப் பெற்றோல் செட்டிலும் எந்த நேரமும் 95 இருக்கும் என்று நம்பிக் காரை வாங்க முடியாது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் காட்டிக் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கிய நாட்களில், கிடைத்ததை அடித்துக்கொண்டு வந்தோம். அப்படி ஒரு காலம் இனி வராது என்று இந்த ஊரில் இருக்கிற யாரும் சத்தியம் பண்ணமாட்டார்கள்.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு உடனே விளங்கியது. அவர் புதுக்குடியிருப்பில் ஒஸ்ரின் ஏ40 வைத்து ஹயர் ஓடியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பெற்றோல் வராது. சின்னப் போத்தலில் வைத்திருக்கிற கொஞ்சப் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுவார்கள். ஏ40 அதைத் தாங்கியதற்குக் காரணம் அதன் அமுக்கம் (எரிபொருளும் காற்றும் கலந்ததை எஞ்சின் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்ற கணக்கு) குறைவு, ஏழு மடங்கு அளவுதான். அமுக்கம் கூடக்கூட மட்டமான எரிபொருள் நேரத்துக்கு முதலே தானாக வெடிக்கும், பிஸ்டன் தலையில் சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் வரும். அப்பா அதைத் "தட்டுது" என்பார். ஏற்றத்தில் சுமையோடு போகும்போது தட்டினால் உடனே காலை எடுத்துக் கியரைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் பிஸ்டன் போய்விடும். அவர் அதைக் காதால் கேட்டுப் பழகியவர்.

இந்தக் காலத்துக் காரில் அந்தக் காதின் வேலையை ஒரு சென்சர் செய்கிறது. தட்டுவது கேட்டதும் கொம்பியூட்டர் ஸ்பார்க்கைப் பிந்தவிடும். எஞ்சின் தப்பும், வலு குறையும். 31எஸ்ஸின் அமுக்கம் 11.1, அதுவும் 92க்கு முகம் சுளிக்கும் கார்தான். 33எஸ்ஸின் அமுக்கம் 9.9, குறைவாகத் தெரியும். ஆனால் அதற்கு மேலே ரேர்போ காற்றை அடைத்து அனுப்புகிறது. அதோடு ஸ்பார்க் பிந்தினால் எரிகிற சூடு சைலன்சர் பக்கமாகத்தான் வெளியேறும், ரேர்போ இருப்பதும் அந்த வழியில்தான். வெளியே சித்திரை வெயில், ராங்கில் 92, முன்னால் மெதுவாகப் போகிற லொறியைத் தாண்ட மிதிக்கிறேன். அந்தச் சூட்டையெல்லாம் ஒரு சின்னச் சுழலியும் அதற்குள் ஓடுகிற ஒயிலும் தாங்கவேண்டும். தாங்கும், அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் ஒயில் நேரத்துக்கு மாற்றியிருக்கவேண்டும். பாவித்த கார் வாங்கும்போது முந்தியவர் மாற்றினாரா என்பது அவருக்கும் கடவுளுக்கும்தான் தெரியும்.

அடுத்தது புழுதி. சோழகக் காற்று எழும்பினால் எங்கள் கிறவல் ரோட்டில் முன்னால் போகிற வாகனம் கண்ணுக்குத் தெரியாது. ரேர்போ இல்லாத எஞ்சினில் எயார் பில்ற்றர் கொஞ்சம் பொருந்தாமல் இருந்தால் மெல்லமெல்லத்தான் தேய்மானம். ரேர்போவில் அந்த மண் நேரே வேகமாகச் சுற்றுகிற இதழ்களில் போய் அடிக்கும். தருமபுரத்தில் எனக்குத் தெரிந்த கராஜ் பாஸிடம் கேட்டேன். "ரீச்சர், உதைக் கழட்டித் தாறது எனக்குப் பிரச்சினையில்லை. பூட்டுறதுக்குச் சாமான் கொழும்பில இருந்துதான் வரோணும்" என்றார். எம்16ஏ என்றதும் முகம் மலர்ந்தது. எஸ்எக்ஸ்4, 1.6 கிராண்ட் விற்றாரா என்று அந்தக் குடும்பத்து எஞ்சின் பல காரில் வந்திருக்கிறது. கதவு, கண்ணாடி எல்லாம் சாதாரணப் பீட்டிலில் இருப்பதுதான். பம்பரும் சீற்றும்தான் ஸ்போர்ட்டுக்கு என்று தனியாக இருக்கும், அவற்றை மட்டும் உடைக்காமல் வைத்திருந்தால் போதும்.

ரயரையும் பாருங்கள். 31எஸ்ஸுக்கு 195/50, 16: அகலம் 195 மில்லிமீற்றர், பக்கச் சுவர் அதில் 50 வீதம், றிம் 16 அங்குலம். 33எஸ்ஸுக்கு 195/45, 17. கணக்குப் போட்டால் பக்கச் சுவரின் உயரம் முதலாவதில் 97.5 மில்லிமீற்றர், இரண்டாவதில் 88க்கும் கொஞ்சம் கீழே. ஒரு சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். மழை முடிந்த பிறகு எங்கள் மதகுகளின் விளிம்பில் தார் அரித்துக் கூராக நிற்கும். அதில் இருட்டில் ஒருமுறை இறங்கியவருக்கு அந்த ஒரு சென்ரிமீற்றரின் பெறுமதி தெரியும்.

இதெல்லாம் செலவுக் கணக்கு. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரை யாரும் செலவுக் கணக்குக்காக வாங்குவதில்லை. 31எஸ்ஸை ஓடிப் பார்த்ததும்தான் என் மனம் ஒரு பக்கம் நின்றது.

அந்தக் கார் யாழ்ப்பாணத்தில் இருந்தது, மஞ்சள் நிறம். ஏ9இல் ஆனையிறவு வரை வந்து திரும்பினோம். நம் நாட்டில் ஊருக்கு வெளியே காருக்கு 70தான் எல்லை. ஏ9இல் பொலிஸ் எங்கே நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும், நிற்காத இடத்திலும் மாடு நிற்கும். அந்த 70க்குள் 33எஸ் மேல்கியரில் தூங்கி வழிகிறது. அதற்கு உயிர் வருவதற்குள் நான் சட்டத்தைத் தாண்டிவிடுவேன். 31எஸ் அப்படி இல்லை. அது கீழே சோம்பல், 4000 சுற்றுக்கு மேலேதான் குரல் மாறும். இரண்டாம் கியரில் இழுத்து, அந்தக் குரல் ஏறஏற மூன்றுக்குத் தட்டும்போது மீற்றர் இன்னும் 70ஐத் தொட்டிருக்காது. எஞ்சினிடமிருந்து வேலை வாங்கவேண்டியிருக்கிறது, கை, கால், காது மூன்றும் விழித்திருக்கின்றன. எனக்கு வேண்டியது அதுதான். வன்னியில் மலையும் இல்லை, கொண்டை ஊசி வளைவும் இல்லை. தரை தட்டையான ஊரில் சந்தோசம் கியரில்தான் இருக்கிறது. முறுக்குவிசை தானாகக் கிடைக்கிற கார் அந்தச் சந்தோசத்தையும் தானே எடுத்துக்கொள்கிறது.

பழையதை எடுப்பதால் கைவிடுகிற ஒன்றை மறைக்கக்கூடாது. 33எஸ்ஸில் சறுக்கலைப் பிடிக்கிற ஈஎஸ்பி உண்டு. நான் பார்த்த 31எஸ்ஸில் அது இல்லை, பிரேக் பிடிக்கும்போது சில்லு பூட்டாமல் தடுக்கிற ஏபிஎஸ் மட்டும்தான். மாரி காலத்தில் வயலெல்லாம் தண்ணீர், மாடுகள் காய்ந்த இடம் தேடித் தார் ரோட்டில் வந்து படுக்கும். இரவு எட்டு மணிக்கு முரசுமோட்டைப் பக்கம் திடீரென்று ஸ்ரேறிங்கை வெட்டவேண்டி வரும். அம்மாவின் கவலை முழுக்க அதுதான், அதில் நியாயம் இருக்கிறது. இரவில் அதிகம் ஓடுகிறவர், பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர் என்றால், நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் விட்டுவிட்டு 33எஸ்ஸைத் தேடுங்கள் என்றுதான் சொல்வேன். என் ஓட்டம் அநேகமாகப் பகலில்.

விலையையும் சொல்லவேண்டும். 2020 பங்குனியில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்குத் திறந்தது 2025 மாசியில்தான். அந்த இடைவெளியில் பாவித்த காரின் விலை எங்கே போனதென்று எல்லோருக்கும் தெரியும். 33எஸ்ஸுக்கும் 31எஸ்ஸுக்கும் இடையில் இருந்த வித்தியாசத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்பக்கக் கூரையே போட்டுவிடலாம். அப்படித்தான் போடப்போகிறோம்.

31எஸ் பார்க்கப் போகிறவர்கள் முதலில் செசி இலக்கத்தைப் பாருங்கள். சாதாரணப் பீட்டிலுக்கு ஸ்போர்ட் பம்பரும் பட்டையும் ஒட்டி நிறுத்திவைத்திருப்பார்கள். செசியில் இசட்சி31எஸ், எஞ்சினில் எம்16ஏ, இரண்டும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துவரவேண்டும். ஒத்துவராவிட்டால் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்துவிடுங்கள். அப்பா என்னோடு வந்தார். காரைத் தொடமுதல் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். "பிள்ளை, சூடாயிருந்தா அவை முதலே ஸ்டார்ட் பண்ணி வைச்சிருக்கினம். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மை சொல்லும்." குளிர்ந்துதான் இருந்தது. ஸ்டார்ட் பண்ணியதும் ரைமிங் செயின் பக்கம் குனிந்து நின்று கேட்டார். தொடக்கத்தில் ஒரு சின்னச் சலசலப்பு, ஒயில் ஏறியதும் அடங்கியது. அடங்காவிட்டால் செயினும் அதை இறுக்குகிற ரென்சனரும் மாற்றுகிற செலவை விலையில் கழித்திருப்போம். ஓடும்போது நாலாம் கியரிலிருந்து மூன்றுக்கு இறக்கிப் பார்த்தேன், கர்ரென்று உரசினால் கியர் பற்களை உரசாமல் சேர்க்கிற சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. உரசவில்லை. கடற்கரைப் பக்கம் ஓடிய கார் என்றால் பின்சில்லு வளைவின் உட்பக்கத்தைக் கையால் தடவுங்கள், பெயின்றுக்குக் கீழே உப்பிய துரு கையில் அகப்படும்.

விலை பேசி முடித்தாகிவிட்டது. முன்பக்கப் புஸ்ஸுகளும் பின் சொக்கப்சோபர்களும் தருமபுரத்துப் பாஸ் மாற்றித் தருவார். நான்கு ரயரும் மாற்றவேண்டும். தம்பி 17 அங்குல றிம் போடச் சொல்லி நிற்கிறான். 16தான் போடுவேன்.