காத்திருக்கவும் காசு வேண்டும்

திருவண்ணாமலையில் மாவட்ட மைய நூலகத்துக்குக் காலையிலேயே போனால்தான் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைக்கும். ஒன்றரை வருடம் அங்கே உட்கார்ந்து, தமிழ்நாடு அரசின் எழுத்தர், வி.ஏ.ஓ. போன்ற வேலைகளுக்கான குரூப் 4 தேர்வுக்குப் படித்தேன். என்னைச் சுற்றி பி.இ., எம்.எஸ்சி., எம்.ஃபில். முடித்தவர்கள். பத்தாம் வகுப்பு தேறியிருந்தாலே எழுதக்கூடிய தேர்வுக்கு இவ்வளவு படித்தவர்கள் ஏன் வருகிறார்கள் என்று பலரும் கேட்கிறார்கள். ஒரே தேர்வு, நேர்முகத் தேர்வு கிடையாது, யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எங்கள் மாதிரி வீட்டுப் பிள்ளைகளுக்கு இப்படி வேறு எத்தனை வழி இருக்கிறது, சொல்லுங்கள்.

நான் மெக்கானிக்கல் முடித்தது 2017இல். வீட்டில் முதல் பட்டதாரி, கட்டணத்தில் அந்தச் சலுகை கிடைத்தது, மீதிக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போனது. அப்புறம் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ட்ரெயினி என்ற பெயரில் மூன்று வருடம். நிரந்தரத் தொழிலாளி செய்யும் அதே வேலை, அதே ஷிப்ட், கைக்கு வந்தது பதினோராயிரம், அதிலேயே ரூம் வாடகை, மெஸ், ஊருக்கு அனுப்புவது எல்லாம். மூன்று வருடம் முடிந்த அன்று ஒரு சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அடுத்த பேட்ச் பையன்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

2022இல் குரூப் 4 அறிவிப்பு வந்தபோது 7,301 இடங்கள், விண்ணப்பித்தவர்கள் சுமார் 22 லட்சம் பேர். ஜூலை 24ஆம் தேதி எழுதினோம். முடிவு வந்தது 2023 மார்ச் 24ஆம் தேதி. எட்டு மாதம்! இடையில் இடங்களைக் கூட்டினார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அந்த எட்டு மாதம் யார் வீட்டில் எப்படி ஓடியது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை. வசதியுள்ள வீட்டுப் பையன் அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பான். நான் மணிலாக்கொட்டை மண்டியில் தினம் 350 ரூபாய்க்கு மூட்டைக் கணக்கு எழுதினேன், ராத்திரி புத்தகத்தைத் திறந்தால் தூக்கம் சொக்கும். இரண்டு பேரும் அடுத்த முறை ஒரே வினாத்தாளைத்தான் எழுத வேண்டும். எனக்கு மூன்று கேள்வியில் போனது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் வேலை கிடைக்காத பட்டதாரிக்கு அரசு மாதம் 600 ரூபாய் உதவித்தொகை தருகிறது. பொறியியல், சட்டம் போன்ற தொழிற்படிப்பு முடித்தவர்கள் அதற்கும் விண்ணப்பிக்க முடியாது. பி.இ. படித்தால் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று நினைத்த காலத்து விதி போலிருக்கிறது, இனியும் அதை வைத்திருப்பது அநியாயம். அதைவிட முக்கியம், தேர்வை அறிவிக்கும்போதே முடிவு வரும் தேதியையும் சொல்லி, சொன்ன தேதியில் வெளியிட வேண்டும். அது தெரிந்தால் போதும், நடுவில் ஆறு மாத வேலைக்குப் போவதா, இன்னும் படிப்பதா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

நூலகத்தில் எதிர் மேசையில் ஒரு அக்கா படிப்பார், எம்.எஸ்சி. கணிதம். எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் வேலை கிடைக்கும் என்று பேசிக்கொள்வோம். முடிவு தள்ளிப் போகப் போக வீட்டில் பொறுமை போய்விட்டது, மாப்பிள்ளை பார்த்தார்கள், முடிவு வருவதற்குள் கல்யாணமாகி பெங்களூரு போய்விட்டார். கணக்குப் பகுதிக்கு அவர் கைப்பட எழுதிய நோட்டு என்னிடம்தான் இருந்தது. இப்போது அதை வைத்து என் தங்கை படிக்கிறாள்.