நீக்கிய பின்னும் நினைவகத்தில் தங்கும் உறுப்புகள்

இணையப் பக்கத்திலிருந்து அட்டவணை போன்ற ஓர் உறுப்பை நீக்கிவிட்டால் அது நினைவகத்தை விட்டும் போய்விடும் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன். ஆனால், நீக்கிய அட்டவணையின் ஒரேயொரு கட்டத்தை ஏதோ ஒரு ஜாவாஸ்கிரிப்ட் மாறி பிடித்துக்கொண்டிருந்தாலும், அந்தக் கட்டம் தன் பெற்றோர் உறுப்பைச் சுட்டுவதால், அட்டவணை முழுவதுமே நினைவகத்தில் தங்கிவிடுகிறது. குரோம் உலாவியில் ஹீப் ஸ்னாப்ஷாட் (நினைவகத்தில் அந்நேரம் இருப்பவற்றின் பதிவு) எடுத்து, 'டிடாச்ட்' (பக்கத்திலிருந்து பிரிந்தவை) என்று வடிகட்டிப் பார்த்தபோது, என் நிரலில் நாற்பது பழைய அட்டவணைகள் அப்படியே இருந்தன. விண்டோவின் அளவு மாறும்போது எழும் ரீசைஸ் நிகழ்வுக்குப் பதிந்துவிட்டு, நான் விலக்க மறந்த செயற்கூறே அவற்றைப் பிடித்துவைத்திருந்தது. இப்போது அத்தகைய செயற்கூறை, பதிவை விலக்க உதவும் அபார்ட்கன்ட்ரோலரின் சிக்னலோடு பதிந்து, உறுப்பை நீக்கும் வரிக்கு அடுத்த வரியிலேயே அபார்ட்டை அழைக்கிறேன். உறுப்புகளுக்கான துணைத் தரவையும், சாவியாகத் தரும் உறுப்பை நினைவகத்தில் பிடித்துவைக்காத வீக்மேப் என்ற தொகுப்பிலேயே வைக்கிறேன்.