பாரத்தோடு மலையேறும்போது ஆயில் சூடு: சமவெளி முதல் இறக்கம் வரை

முதலில் பாதையைச் சொல்லிவிடுவோம். அதிகாலையில் கிளம்பி 80 கிலோமீட்டர் சமவெளி, பிறகு 20 கிலோமீட்டர் விடாத ஏற்றம், உச்சியில் சற்று நேரம், அப்புறம் மறுபக்க இறக்கம். ஏற்றம் 6 சதவீதம். 100 மீட்டர் ஓடினால் 6 மீட்டர் உயரம், முடிவில் 1,200 மீட்டர். டீசல் பிக்கப் டிரக்கும் பின்னால் மாட்டிய டிரெய்லரும் சேர்ந்து 10 டன். இப்படியொரு பயணத்தில் எல்லோர் கண்ணும் கூலன்ட் (இன்ஜினை ஆற்றும் திரவம்) முள்ளின் மேலேயே இருக்கும். ஆயில் முள்ளைப் பார்ப்பவர்கள் குறைவு. பார்ப்பவர்களும் அதைத் தனியாகத்தான் பார்க்கிறார்கள். ஆயில் எத்தனை டிகிரி என்பதைவிட, கூலன்டைக் காட்டிலும் அது எத்தனை டிகிரி கூடுதல் என்பதுதான் அதிகம் உதவும் எண். அந்த இடைவெளியை வழிநெடுகப் படிப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரை. எல்லா டிகிரியும் செல்சியஸ்.

கிளம்பும் முன் டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் கம்பி. வண்டி சமதரையில், இன்ஜின் ஆறிய நிலையில். 12 லிட்டர் பிடிக்கும் சம்ப்பில் (இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) 2 லிட்டர் குறைந்திருந்தால், மீதி 10 லிட்டர் அதே சூட்டைச் சுமந்துகொண்டு இன்னும் அடிக்கடி சுற்றிவர வேண்டும். சம்ப்பில் தங்கி ஆற நேரம் கிடைக்காது. அதற்குப் பயந்து கோட்டுக்கு மேலே ஊற்றி வைப்பதும் தப்பு. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரைத்த ஆயில் சூட்டையும் ஒழுங்காக வாங்காது, பேரிங்கையும் ஒழுங்காகத் தாங்காது. ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் டீசலோ கூலன்டோ கலந்திருக்கிறது. புகை வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்ய சிலிண்டருக்குள் தாமதமாக டீசல் பீய்ச்சும் இன்ஜின்களில் முதல் சந்தேகம் டீசல்தான். குறைந்த தூர ஓட்டமே அதிகம் உள்ள வண்டியைத் திடீரென்று பாரத்தில் மாட்டுவதாக இருந்தால், ஆயிலை மாற்றிவிட்டுக் கிளம்புவது நல்லது.

அடுத்து வண்டியின் முகம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ஆயில் சூட்டுக்கு வரும் புகார்களில் நிறையவற்றுக்கு இன்ஜினே காரணமில்லை. முன்னால் ஏசி கண்டென்சர், கியர்பாக்ஸ் ஆயில் கூலர், டர்போ காற்றை ஆற்றும் இன்டர்கூலர், கடைசியில் ரேடியேட்டர் என்று ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். முன்பக்கம் பளபளவென்று இருக்கும். இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பூச்சி இறகு, புல் விதை, தூசி எல்லாம் கம்பளி மாதிரி படிந்திருக்கும். எங்காவது ஆயில் கசிந்தால் அந்தத் தூசி பசையாகிவிடும். முன்னாலிருந்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் குப்பை இன்னும் உள்ளேதான் போகும். ஃபேன் மறைப்பைக் கழற்றி, பின்னாலிருந்து முன்னோக்கி, சாதாரணக் குழாய் அழுத்தத்தில் கழுவ வேண்டும். பசை இருந்தால் அலுமினியத்தை அரிக்காத கிரீஸ் நீக்கியைத் தெளித்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். உயர் அழுத்த இயந்திரத்தை நெருக்கிப் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, குப்பை செய்த வேலையை நாமே செய்தவர்களாவோம்.

ரேடியேட்டர் ஃபேனை இன்ஜினோடு இணைக்கும் ஃபேன் கிளட்ச்சுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. சாவியை எடுத்துவிட்டு, இன்ஜின் ஆறியிருக்கையில் ஃபேனைக் கையால் சுழற்றிவிடுங்கள். பிடிப்போடு சுற்றி உடனே நிற்க வேண்டும். பம்பரம் போல ஓடினால் உள்ளிருக்கும் சிலிகான் திரவம் போய்விட்டது. அச்சுப் பகுதியில் எண்ணெய்க் கோடு தெரிந்தாலும் அதே பொருள்தான்.

அளவு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். டாஷ்போர்டு முள் சில வண்டிகளில் நடுவில் ஒட்டிக்கொண்டு நிற்கும்படியே அமைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் ஆயில் சூடு அளக்கப்படுவதே இல்லை, கணினி ஊகித்துச் சொல்கிறது. வண்டியின் கோளாறு பார்க்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டும் சிறு கருவி வழியே எண்ணாகவே படிக்கலாம். பொதுத் தரத்தில் கூலன்டுக்கு 05, ஆயிலுக்கு 5சி என்ற குறியீடு; வரும் மதிப்பிலிருந்து 40 கழித்தால் செல்சியஸ். எல்லா வண்டியும் 5சி-க்குப் பதில் தருவதில்லை. தராத வண்டியில் தனி சென்சார்தான் வழி. சம்ப்பில் வைத்த சென்சார், இன்ஜின் ஆயிலை ஆற்றும் கூலரைத் தாண்டிய பிறகு வைத்த சென்சாரைவிட அதிகமாகக் காட்டும். ஆகவே வேறொருவர் வண்டியின் எண்ணோடு ஒப்பிட்டுக் கலங்க வேண்டாம்.

ஸ்டார்ட் செய்து நகர்ந்தால் கூலன்ட் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தன் இடத்துக்கு வந்துவிடும். ஆயில் பின்தங்கியே வரும். கூலன்ட் முள் நிமிர்ந்ததும் மிதிக்கலாம் என்பது பரவலான பழக்கம், ஆனால் ஆயில் அப்போது 50 டிகிரியில்கூட இருக்கலாம். 70-ஐத் தாண்டும்வரை முழு ஆக்சிலரேட்டர் வேண்டாம். கெட்டியான ஆயிலில் ஃபில்டரின் மாற்றுவழி வால்வு திறந்து, வடிகட்டாத ஆயில் பேரிங்குக்குப் போகக்கூடும்.

சமவெளிதான் கணக்குப் புத்தகத்தைத் திறக்கும் இடம். அரை மணி நேரம் சீராக ஓடிய பிறகு, மணிக்கு 90 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில், மேடு பள்ளம் இல்லாத துண்டில், இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். கூலன்ட் 90, ஆயில் 97 என்றால் இடைவெளி 7. இதுதான் உங்கள் வண்டியின் அடிப்படை எண். ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு இந்த இடைவெளி 15 ஃபாரன்ஹீட் டிகிரியை, அதாவது சுமார் 8 செல்சியஸை, தாண்டினால் ஆயில் கூலர் அடைபடுகிறது என்று மெக்கானிக்குகள் முடிவு கட்டுவார்கள். அதில் கூலன்ட் ஆயில் கூலரைக் கடந்துதான் ஈஜிஆர் கூலருக்கு (இன்ஜினுக்கே திருப்பிவிடும் புகையை ஆற்றுவது) போகிறது. முதலாவது அடைத்தால் இரண்டாவது வறண்டு வெடிக்கும். மற்ற இன்ஜின்களுக்கு அதே 8 பொருந்த வேண்டுமென்பதில்லை. சென்ற மாதம் 7 காட்டிய வண்டி இந்த மாதம் அதே பாரத்தில், அதே வேகத்தில் 14 காட்டுகிறதா என்பதே கேள்வி.

இடைவெளி ஏன் விரிகிறது? பல டீசல்களில் ஆயிலை ஆற்றுவது நேரடிக் காற்றல்ல, கூலன்ட். தட்டுத் தட்டாக அடுக்கிய கூலருக்குள் ஒருபக்கம் ஆயில், மறுபக்கம் கூலன்ட். கூலன்ட் வழிகள் மிகக் குறுகியவை. சேராத இரண்டு வகைக் கூலன்டைக் கலந்ததால் உண்டான கூழ், பழைய கூலன்டிலிருந்து பிரிந்த சிலிகேட், வார்ப்பு மணல், துரு எதுவானாலும் முதலில் அங்கேதான் சிக்கும். தெர்மோஸ்டாட் பாட்டுக்குக் கூலன்டை 90-லேயே வைத்திருக்கும், முள் அமைதியாக நிற்கும், ஆயில் மட்டும் தனியே வெந்துகொண்டிருக்கும்.

இனி ஏற்றம். ஒரு சின்னக் கணக்கு. 10 டன்னை 6 சதவீத ஏற்றத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் தூக்க மட்டுமே சுமார் 98 கிலோவாட் வேண்டும். டயர் உருளவும் காற்றைக் கிழிக்கவும் ஏறக்குறைய இன்னொரு 30. ஆக 128. அதே வேகத்தில் சமவெளியில் அந்த 30 மட்டும் போதும். நான்கு மடங்குக்கு மேல் வேலை, வெளியேற்ற வேண்டிய சூடும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். வேகத்தை 40-க்குக் குறைத்தால் தேவை 80 கிலோவாட்டுக்கு இறங்கும். இதில் ஒரு வேடிக்கை: 60-ல் 20 நிமிடம், 40-ல் 30 நிமிடம் என்று நேரத்தோடு பெருக்கிப் பார்த்தால் மொத்தச் சூட்டில் பெரிய வித்தியாசமில்லை. நிமிடத்துக்கு எவ்வளவு சூடு வருகிறது என்பதுதான் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. ரேடியேட்டர் படும் பாடு முழுக்க அந்த நிமிடக் கணக்கில்தான்.

பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயிலைப் பீய்ச்சித்தான் அதை ஆற்றுகிறார்கள். டர்போ பேரிங்கும் ஆயிலை நம்பியே இருக்கிறது. அதனால் பாரம் ஏறியதும் சூடு நேரே ஆயிலுக்குள் இறங்குகிறது, ஆனால் சம்ப் நிறைய இருக்கும் ஆயில் மொத்தமும் சூடேறச் சில நிமிடங்கள் ஆகும். முள் காட்டுவது சற்று முன் நடந்ததை. 118-ஐப் பார்த்துவிட்டு 'இன்னும் இடமிருக்கிறது' என்று மிதித்தால் 125 தானாக வந்து நிற்கும். 110-லேயே கியரை இறக்குவது புத்திசாலித்தனம்.

கியர் விஷயத்தில் டீசல் ஓட்டுபவர்களுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: டார்க், அதாவது முறுக்கு விசை, இருக்கிறதே, நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே இழுக்கட்டுமே என்று. இழுக்கும்தான். ஆனால் அந்தச் சுற்றில் வாட்டர் பம்ப், ஆயில் பம்ப், ஃபேன் எல்லாமே மெதுவாகச் சுற்றும். ஒவ்வொரு எரிப்பிலும் நிறைய டீசல் எரிந்து புகைச்சூடு ஏறும். அதே வேகத்தில் ஒரு கியர் கீழே இறக்கி 2,200-லிருந்து 2,500 சுற்றுக்குள் வைத்தால் இவை மூன்றின் வேலையும் கூடும், சிலிண்டர் ஒவ்வொன்றின் சுமையும் குறையும். சத்தம் அதிகம். அது ஃபேனின் இரைச்சலானால் காதுக்கு நல்ல செய்தி.

எண்களைப் பற்றி. பாரத்தில் 100 முதல் 110 வரை இயல்பு. 120 வரை ஏற்றத்தில் போய்வரலாம். 125 என்றால் வேகத்தைக் குறைத்து ஏசியை அணைக்க வேண்டும். 130-ஐ நெருங்கினால் ஓரம் கட்டுவதே சரி. கையேடு வேறு எண் சொன்னால் கையேடே முதல். இவை தீப்பிடிக்கும் சூடுகள் அல்ல. 15டபிள்யூ-40 என்ற கெட்டித்தன்மை ரக ஆயிலின் ஆவி பற்ற 200 டிகிரிக்கு மேல் வேண்டும். கவலை வேறு இடத்தில். வழக்கமான 15டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில் சுமார் 15.5 சென்டிஸ்டோக்ஸ் கெட்டி. 120-ல் அது 10 ஆகிறது, 130-ல் 8 சொச்சம். பேரிங்கில் நிற்கும் ஆயில் படலம் அந்த அளவுக்கு மெலிகிறது, ஆயில் பிரஷரும் சேர்ந்து இறங்குகிறது. 1,000 சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ என்ற பழைய அளவுகோலுக்குக் கீழே போனால் இனி ஏற வேண்டாம். இன்னொன்று ஆயுள்: ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயில் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சம்ப் எண் வெறும் சராசரி. பிஸ்டனின் மேல் ரிங் பள்ளத்தில் ஆயில் 200-ஐத் தாண்டிய சூட்டைத் தொட்டுவிட்டுத்தான் வருகிறது.

ஏற்றத்தில் முள்கள் எப்படி நகர்கின்றன என்பதிலேயே பாதிக் காரணம் தெரியும். இரண்டும் சேர்ந்து ஏறி இடைவெளி கொஞ்சமே விரிந்தால், காற்று, ஃபேன், ரேடியேட்டர், இல்லையென்றால் வெறுமனே பாரம் அதிகம். சூடு ஏற உயரமும் ஒரு கை கொடுக்கும். 1,000 மீட்டருக்குக் காற்று சுமார் 10 சதவீதம் மெலிகிறது. கூலன்ட் நின்ற இடத்தில் நிற்க ஆயில் மட்டும் தனியே ஓடினால், கூலர் அடைப்பு, ஆயில் அளவு, டீசல் கலப்பு. ஆயில் ஒரே நொடியில் 15 டிகிரி குதித்தால் அது சென்சாரோ வயரோதான். இத்தனை லிட்டர் ஆயில் அப்படிக் குதிக்காது.

உச்சியில் வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்புவதுதான் செய்யக்கூடாத ஒன்று. பம்ப்புகள் நின்றுவிடும், டர்போவில் தேங்கிய ஆயில் கருகிப் படியும். நியூட்ரலில் மூன்று நிமிடம் ஓடவிடுங்கள். புகைச்சூடு அளவி இருந்தால் 200 டிகிரிக்குக் கீழே வரும்வரை. ஆயில் 120-க்கு மேல் இருந்தால் சும்மா ஐடிலில் விடாமல் 1,200 சுற்றில் பிடித்தால் ஃபேனும் பம்ப்பும் வேலை செய்யும்.

இறக்கம் ஓய்வு மாதிரித் தெரியும், ஆனால் கூலரைச் சோதிக்க அதைவிட நல்ல இடமில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எக்ஸாஸ்ட் பிரேக்கில் (புகைவழியை அடைத்து இன்ஜினை மெதுவாக்குவது) இறங்கும்போது டீசல் எரிவதில்லை. கூலன்ட் சட்டென்று தன் இடத்துக்கு வரும். நல்ல கூலர் இருந்தால் ஆயிலும் சில நிமிடங்களில் பின்தொடரும். கூலன்ட் 90-க்கு வந்து வெகுநேரமாகியும் ஆயில் 110-லேயே கிடந்தால், அடைப்பு ஏற்கெனவே நன்றாக முற்றியிருக்கிறது.

அடைத்த தட்டுக் கூலரைக் கெமிக்கல் விட்டுக் கழுவுவது பெரும்பாலும் ஆறுதலுக்குத்தான். முதலில் கூலன்ட் பாதை முழுவதையும் தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, அதன்பின் புதுக் கூலரைப் போட வேண்டும். வரிசை மாறினால் பழைய குப்பை புதுக் கூலரில் போய் உட்காரும். இடைவெளி சரியாக இருந்து, பாரம் மட்டுமே அதிகமென்றால் காற்றில் ஆறும் துணைக் கூலர் பயன்படும். அதற்குத் தெர்மோஸ்டாட் வைத்த இணைப்பு கட்டாயம். இல்லாவிட்டால் குளிர் நாளில் ஆயில் சூடே ஏறாமல் ஈரமும் டீசலும் உள்ளேயே தங்கும். ஆழமான சம்ப் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது சூட்டைத் தள்ளிப்போடும், அவ்வளவு எளிதில் குறைக்காது.

ஆயில் தேர்வில், 2016 டிசம்பரில் வந்த சிகே-4, எஃப்ஏ-4 என்ற டீசல் ஆயில் தரங்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எஃப்ஏ-4 எரிபொருள் மிச்சத்துக்காக மெல்லியதாகச் செய்யப்பட்டது. கையேடு அதைக் கேட்காத இன்ஜினில் ஊற்றக்கூடாது. பாரம் இழுக்கும் வண்டிக்கு 5டபிள்யூ-40 சிந்தெடிக், சூடு தாங்குவதிலும் குளிரில் பாய்வதிலும் கைகொடுக்கும். ஆயில் மாற்றும் கால இடைவெளியைக் கையேட்டின் கடும் உபயோக அட்டவணைப்படி வையுங்கள். மாற்றும் நாளில், ஆயில் சூடாக இருக்கும்போதே, வடியும் ஓட்டத்தின் நடுவிலிருந்து சுத்தமான பாட்டிலில் மாதிரி பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கையில் 100 டிகிரி கெட்டித்தன்மை, ஆக்சிடேஷன், டீசல் சதவீதம், சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசி இரண்டும் சேர்ந்து ஏறியிருந்தால் கூலன்ட் உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அடுத்த பாரத்தை மாட்டும் முன் கூலரைக் கழற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும்.