கதை விளையாட்டு திணறினால்

செங்கோட்டை–புனலூர் ரயில் பாதையைக் களமாக வைத்து இன்ஃபார்ம் 7-ல் (கட்டளை தட்டி ஆடும் எழுத்து விளையாட்டுகளை உருவாக்கும் மொழி) பெரிய கதை விளையாட்டு எழுதினால், கணினியில் பறப்பது போன் பிரவுசரில் கட்டளைக்குக் கட்டளை திணறும். முதல் சந்தேகம், ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ஓடும் 'எவ்ரி டர்ன்' விதிகள் மேல். பத்துப் பயணிகளை நகர்த்த, விளையாட்டிலுள்ள 800 பொருளையும் சுற்றி 'இது பயணியா' என்று கேட்பது வீண். 'பயணி' என்று தனி வகை வைத்து அதை மட்டும் சுற்றுங்க.

ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு வழி தேடித் தரும் 'பெஸ்ட் ரூட்' இன்னும் மோசம். ஆளுக்கொரு தடவை வரைபடத்தையே துழாவும். ஆரியங்காவு, கழுதுருட்டி, தென்மலை எல்லாம் ஒரே கோட்டில்தானே? நிலையத்துக்கு நிலையம் 'அடுத்தது' என்று ஒரு பண்பு வைத்தால் தேடலே வேண்டாம்.

ஊகத்தில் எதையும் வெட்டாதீங்க. விளையாட்டை ஓட்டும் நிரலான கிளல்க்ஸியைப் புரொஃபைலிங் (நேரம் அளக்கும்) வசதியோடு கம்பைல் செய்து, அதில் விளையாட்டை ஓட்டினால் எந்த ரொட்டீன் (நிரல் துண்டு) நேரத்தைத் தின்னுதுன்னு தெரியும். இந்தப் பாதையிலுள்ள பதின்மூன்று கண் பாலத்தின் வர்ணனை நீளமா இருக்கட்டும், அதில் பெரும்பாலும் நேரம் போறதில்லை.