கவென்ட்ரியில் பிறந்த ஜாகுவாரை ஏலத்தில் பார்த்தேன்

இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்திலிருந்து பர்மிங்காம் இன்டர்நேஷனல் நிலையத்துக்கு ரயிலில் பத்து நிமிடம்தான். அங்கிருந்து என்.இ.சி. கண்காட்சி வளாகத்துக்கு மூடிய நடைபாலம் இருக்கிறது. நவம்பர் மழையில் நனையாமல் உள்ளே போய்விடலாம். ஒவ்வொரு நவம்பரிலும் இங்கே பழைய கார்களுக்குப் பெரிய கண்காட்சி, கூடவே ஏலம். அம்பாசடருக்கு மூலமான மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு ஒன்றும் நின்றது, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நான் போனது ஒரு ஜாகுவாருக்காக: மார்க் 2, 3.8 லிட்டர், 1962-இல் செய்தது, கரும்பச்சை நிறம்.

முந்தின நாளைக் கவென்ட்ரியிலேயே கழித்தேன். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் குண்டுகளில் எரிந்த தேவாலயத்தின் சுவர்கள் கூரையில்லாமல் இன்னும் நிற்கின்றன. பக்கத்தில் 1962-இல் திறந்த புதிய தேவாலயம். அந்தப் போர்க்காலத்தில் ஜாகுவார் தொழிற்சாலையிலும் தீ பிடிக்கிறதா என்று இரவில் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். நிறுவனர் வில்லியம் லயன்ஸும் பொறியாளர்கள் ஹெய்ன்ஸ், ஹஸன், பெய்லி ஆகியோரும் அந்தக் காவல் நேரத்தில் பேசிப் பேசி உருவாக்கியதுதான் எக்ஸ்கே இன்ஜின். ஆறு சிலிண்டர், தலையில் வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம்ஷாஃப்ட். 1948-இல் வெளிவந்து, பல பத்தாண்டுகள் ஓடியது. நான் பார்க்கப் போன காரின் பானெட்டுக்குள் இருப்பதும் அதேதான்: 3,781 சிசி, 220 குதிரைத்திறன். அந்தச் சுவர்களைப் பார்த்துவிட்டு மறுநாள் இன்ஜினைப் பார்த்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

ஏலத்துக்கு முன் வண்டியைச் சுற்றிப் பார்க்க நேரம் தருகிறார்கள். கதவைத் திறந்ததும் தோல் வாசனை. டேஷ்போர்டு முழுக்க வால்நட் மரம். நடுவில் சின்ன மானிகள், அதன் கீழே வரிசையாகச் சுவிட்சுகள். முன் சீட்டுகளின் முதுகில் மடித்து விரிக்கும் மரப்பலகை, பின்னால் உட்காருபவர் சாப்பிட. எனக்கு ரொம்பப் பிடித்தது ஒரு துளி சிவப்பு. முன் மட்கார்டின் மேலே இருக்கும் சின்ன விளக்கின் உச்சியில் சிவப்புப் பிளாஸ்டிக் பொட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். விளக்கு எரிந்தால் அதுவும் ஒளிரும். ஓட்டுநர் இறங்கிப் பார்க்க வேண்டியதில்லை. இவ்வளவு யோசித்துச் செய்த கார் அந்தக் காலத்திலேயே மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டது, நாலு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். போலீஸும் வாங்கினார்கள், வங்கிக் கொள்ளையரும் தேடிப் போனார்கள்.

ஆனால் பளபளப்பைப் பார்த்து இந்தக் காரை வாங்கக் கூடாது. மார்க் 2-க்கு சேஸிஸ் என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது, பாடிதான் எல்லாம் தாங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ என்கிற பெட்டிப்பகுதி, ஜாக்கி வைக்கும் இடம், பின் ஸ்பிரிங் பிடிக்கும் இடம் எல்லாம் உள்ளிருந்தே துருவேறும். மேலே பட்டி போட்டுப் பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. பிரிட்டனில் 40 வயது தாண்டிய வண்டிக்குப் பெரிய மாற்றம் செய்யாதவரை வருடாந்திரத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. அதனால் டார்ச் அடித்துக் குனிந்து பார்ப்பது வாங்குபவர் பொறுப்பு.

இந்த வண்டியோடு ஒரு தடித்த கோப்பு இருந்தது. நான் அதிகநேரம் செலவிட்டது அதில்தான். பெயிண்ட் எல்லாம் சுரண்டி எடுத்த வெறும் பாடி, வெட்டி எடுத்த துருத்தகடு, புதுத்தகடு வைத்த வெல்டிங் கோடு என்று படிப்படியாகப் படங்கள். ஜாகுவார் பாரம்பரிய அறக்கட்டளையின் சான்றிதழும் இருந்தது. தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து, இன்ஜின் எண்ணும் முதல் நிறமும் என்னவென்று எழுதித் தருவது அது. சீட்டுத் தோலை மட்டும் மாற்றவில்லை. வெடிப்பு வெடிப்பாக இருந்ததை எண்ணெய் போட்டுப் பதப்படுத்தி வைத்திருந்தார்கள். சீரமைப்பு என்றால் எனக்கு இதுதான்: கெட்டதை மாற்ற வேண்டும், வயதானதை விட்டுவைக்க வேண்டும். குரோமிலிருந்து தோல்வரை புதுசாக்கிய வண்டிகளும் அங்கே நின்றன. அழகுதான், ஆனால் என் கால் அங்கே நிற்கவில்லை.

ஏலம் படுவேகம். நம்மூர் மாதிரி ஒரு தரம், ரெண்டு தரம் என்று இழுப்பதெல்லாம் இல்லை. கூடத்திலும் போனிலும் இணையத்திலும் ஒரே நேரத்தில் கேட்கிறார்கள். கரும்பச்சை ஜாகுவார் ஏலக்காரர்கள் முன்பே சொன்ன மதிப்பீட்டின் கீழ்வரம்புக்குச் சற்று மேலே போய் முடிந்தது. சீரமைக்க ஆன செலவில் அது பாதிகூட வராது என்று பக்கத்தில் நின்ற பெரியவர், தானும் மார்க் 2 வைத்திருப்பவர், சொன்னார். இந்த மாடலுக்கு அது வழக்கமான கதை. யாரோ ஒருவர் வருடக்கணக்கில் உழைத்துக் காப்பாற்றிய வண்டி இன்னொருவருக்கு மலிவாகக் கிடைக்கிறது.

போக நினைப்பவர்கள் முதல் நாளே போங்கள், அன்றுதான் கூட்டம் குறைவு. கேட்டலாக் வாங்கிக்கொள்ளுங்கள். ஏலம் கேட்கிற எண்ணம் இருந்தால் முடிந்த விலைக்கு மேல் கமிஷனும், அந்தக் கமிஷனுக்கு வரியும் உண்டு. கணக்குப் போட்டுக்கொண்டு கையைத் தூக்குங்கள்.